பழைய பிக்கப், மலை ரோடு, பட்டறைச் செலவு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கம்பம் காய்கறி லோடு:

கம்பத்தில் காய்கறி ஏற்றி லோயர்கேம்ப், குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போய்வரும் வண்டி என்னுடையது. 2009 மாடல் டீசல் பிக்கப். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, எழுதினால் பேச்சு ரிப்பேரை விட்டுவிட்டு எந்தக் கம்பெனி பெருசு என்ற சண்டைக்குப் போய்விடும். நீங்களும் எழுத வேண்டாம். இந்த வயசு வண்டிக்கு வருகிற தொல்லை எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சமீபத்தில் கிளட்ச் வேலை பார்த்தேன், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பழைய வண்டியில் நம் காசைத் தின்பது பெரும்பாலும் ஒரே இடத்தை இரண்டு தடவை பிரிக்கிற கூலிதான். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் செட் எனக்கு 7,000 சொச்சம் ஆனது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றக் கூலி 2,500. அதை இறக்கிப் போட்டிருக்கும்போதே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிட்டால் இன்னும் 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ‘பழசே நல்லாத்தான் இருக்கு’ என்று அதையே மாட்டினால், ஆறு மாசத்தில் அந்தச் சீல் கசிந்து ஆயில் புதுப் பிளேட்டில் இறங்கும், மேட்டில் கிளட்ச் வழுக்கும், மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பக்கத்து ஊர் வண்டி ஒன்றுக்கு அப்படியே நடந்தது, அவருக்குப் புதுப் பிளேட் செலவும் சேர்ந்து போனது. ஃப்ளைவீலில் வரி வரியாக விழுந்திருந்தால் அதையும் அப்போதே லேத்துக்குக் கொடுத்து முகம் பிடித்துவிடுங்கள், லேத்காரர் 500, 600தான் கேட்பார்.

மற்றவர்கள் எழுதுங்கள். என்ன ரிப்பேர், எவ்வளவு ஆச்சு, எங்கே ஏமாந்தீர்கள், எல்லாம்.

போடிமெட்டு ஏலக்காய்:

அண்ணே, எங்கள் பக்கம் கிளட்சை விடப் பிரேக்தான் பயம். முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜின் படுகிற பாட்டை இறங்கும்போது பிரேக் படும். மச்சான் ஒரு நாள் சாயங்காலம் லோடோடு இறங்கி வந்தபோது நடுவழியில் பெடல் பஞ்சாகக் கீழே போயிருக்கிறது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்தால் கொஞ்சம் பிடிக்கிறது, அடுத்த வளைவில் மறுபடி போகிறது. நல்லவேளை இரண்டாவது கியரில் இருந்தான், அப்படியே ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து மலைப் பக்கம் ஒதுக்கிவிட்டான். அரை மணி நேரம் ஆறப்போட்ட பிறகு பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி பெடல் கல்லாக நிற்கிறதாம்!

பட்டறையில் அடுத்த நாள் தெரிந்தது, லைனிங்கில் இன்னும் பாதி இருக்கிறது, பிரேக் ஆயில்தான் டீ டிகாஷன் நிறத்தில் கிடந்தது. பல வருஷமாக மாற்றாத ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும், ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அது அமுங்கிக்கொண்டேதான் இருக்கும், பிரேக் பிடிக்காது. ஆறினதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், அதனால் பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் எந்தக் குறையும் தெரியாது. இந்த மாதிரிக் கேஸில் அனுபவம் இல்லாத மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்லி 3,000, 4,000 ரூபாய்க்கு வழி பண்ணிவிடுவார்.

எங்களுக்கு ஆன செலவு: டாட் 4 ஆயிலும் ஏர் எடுத்த கூலியும் சேர்த்து 900, பின் டிரம் இரண்டையும் லேத்தில் பிடிக்க 800, லைனிங் புதுசு ஒட்ட 1,400. அப்புறம் பின் ஆக்ஸில் பக்கம் ஒரு லோடு சென்சிங் வால்வு இருக்கும், லோடுக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது. அதன் கம்பி துருப்பிடித்து ஒரே இடத்தில் இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததற்குத் தனிக் கூலி வாங்கவில்லை. உங்கள் வண்டியில் அது அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள், பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பெருசுகள் சொல்வதைப் புது டிரைவர்கள் யாரும் கேட்பதில்லை, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். அதை எழுத ஆரம்பித்தால் கோபம்தான் வரும், விடுங்கள்.

களியக்காவிளை வாழைத்தார்:

கம்பம் அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் ‘பிரிச்சதுதான் பிரிச்சோம், எல்லாத்தையும் மாத்திருவோம்’ என்பதை மெக்கானிக் வாயிலிருந்து கேட்டால் நான் உஷாராகிவிடுவேன். சைலன்சரில் நீலப் புகை வருகிறது என்று போனேன். பார்த்த உடனே, ரிங் போய்விட்டது, இன்ஜின் வேலைதான், லைனர், பிஸ்டன், பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து 85,000 என்று ஒரு பட்டறையில் தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். என் வண்டியை விற்றால் இரண்டு லட்சம் தேறுமா என்பதே சந்தேகம்.

பாறசாலைப் பக்கம் ஒரு வயசான மேஸ்திரி இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். வண்டியை ஓட விட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் அங்கே புகை குபுகுபுவென்று தள்ளும், என் வண்டியில் லேசாகத்தான் வந்தது. அடுத்து இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றினார், உள்ளே ஆயில் தேங்கிக் கிடந்தது. டர்போ சாஃப்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொட. ரீகண்டிஷன் 9,500, அதற்கு ஆயில் போகும் குழாயைச் சுத்தம் செய்து புது ஆயில், பில்டர் போட்டது 2,200. புகை நின்றது. மலையேறி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆஃப் செய்யச் சொன்னார், சூட்டோடு சட்டென்று நிறுத்தினால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகிவிடுமாம்.

கறுப்புப் புகை என்றால் முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள், பிறகு நாசில். வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் ஹீட்டர் பிளக்காக இருக்கலாம், நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். 85,000க்குத் தலையாட்டுவதற்கு முன்னால் 500 ரூபாய் கொடுத்துக் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்.

புளியரை மழை:

எங்கள் ஊரில் வண்டியை முதலில் கொல்வது துரு. ஆரியங்காவு பக்கம் மழை சீசனில் போய்வந்தால் லோடு ஏற்றும் தொட்டியின் அடித் தகடு, பின் கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) மாட்டுகிற பிராக்கெட், கேபின் மிதியடி இந்த மூன்றும் பஞ்சாகிவிடும். எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கப் போக வேண்டுமே, அங்கே சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள், நம்பர் துருவில் அழிந்திருந்தால் அலைச்சல். அந்த இடத்தில் மட்டும் கிரீஸ் தடவி வையுங்கள். வெல்டிங், தொட்டித் தகடு, அடியில் தார் பெயிண்ட் என்று எனக்கு 14,000 ஆனது.

இன்னொன்று. செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, லைட் மங்குகிறது என்று பேட்டரி மாற்றினேன், செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன், புஷ் போட்டேன், 8,000க்கு மேல் போச்சு. கடைசியில் குற்றாலத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் வயரைக் கழற்றிக் காட்டினான், உள்ளே பச்சைப் பொடி. புது வயர் 250 ரூபாய்.

கோபாலபுரம் இளநீர்:

நாங்கள் பொள்ளாச்சி ஆட்கள், எங்கள் பாலக்காட்டுக் கணவாய் சமதளம், மலை கிடையாது. எங்களுக்கு எல்லாமே லோடு தொல்லைதான். இளநீர், தேங்காய் ஏற்றுகிறவர்கள் வண்டி வாங்கின உடனே பின்னால் இரண்டு கமான் பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள். வண்டி உட்காராது, உண்மைதான். ஆனால் அந்தப் பாரம் எங்கேயோ போய்த்தானே ஆகணும்? சேசிஸில் பிராக்கெட் ஓரமாக விரிசல் விடும், வீல் பேரிங் சூடாகும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். எனக்கு வண்டி வந்ததே அந்த நிலையில்தான். மெயின் பட்டை ஒடிந்தது 2,200, சென்டர் போல்ட், யூ போல்ட், புஷ் எல்லாம் 1,800, சேசிஸ் விரிசலுக்குத் தகடு வைத்து வெல்டிங் 3,500. கூடுதல் பட்டையை உருவி எடைக்குப் போட்டுவிட்டு ஏற்றுவதைக் குறைத்தேன். ஓவர்லோடுக்கு 2019 திருத்தச் சட்டத்தில் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000 என்று இருக்கிறது, அதைப் பார்த்தால் ஒரு நடை கூடுதலாக ஓட்டுவதே லாபம்.

கிளட்ச் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சோதனைச் சாவடியை எடுப்பதற்கு முன்னால் வாளையாறில் நின்ற வரிசை ஞாபகம் இருக்கிறதா? அங்குலம் அங்குலமாக அரை கிளட்சில் நகர்த்தி நகர்த்தியே பிளேட் கருகும். இப்போது பிளேட் நல்லா உழைக்கிறது, டிரைவர் கெட்டிக்காரத்தனம் என்று சிலர் பீற்றிக்கொள்கிறார்கள்!

கம்பம் காய்கறி லோடு:

களியக்காவிளை அண்ணாச்சி, நான் சொன்னது உள்ளே கிடக்கிற சின்னச் சாமானைத்தான். 85,000க்கு எழுதித் தருகிறவரிடம் நானும் நிற்க மாட்டேன்.

யாரும் சூடு பற்றி எழுதவில்லை. குமுளி மலையில் ஏறும்போது சூடு காட்டும் முள் மேலே போகிறது என்றால் இங்கே பாதிப் பேர் செய்வது தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. முள் இறங்கும், ஆனால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் உள்சுவர் தேயும். உண்மையில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் உப்படைத்திருக்கும், சூட்டுக்குத் தகுந்த மாதிரி வேகம் மாறும் விஸ்கஸ் ஃபேன் வழுக்கும், இல்லை ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருக்கும். மூடி 200 ரூபாய், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். வண்டி சூடாக இருக்கும்போது ஃபேனைப் பார்த்தால் வேகம் தெரியும், மெதுவாகச் சுற்றினால் விஸ்கஸ் போச்சு, எனக்கு 4,000 ஆனது. சிலர் அதைப் போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள், மலையிலிருந்து ஊர் வந்து சேர அது போதும், அப்படியே வைத்துக்கொண்டால் எப்போதும் முழு வேகத்தில் சுற்றி டீசலைக் குடிக்கும். ரேடியேட்டர் கோர் மாற்றினது 5,500. இப்போது கூலன்ட் மட்டும்தான், கலக்க வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்.

சின்னமனூர் வாழை:

என் வண்டி காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது, அடித்து அடித்துப் பேட்டரி இறங்கும். ஒரு தடவை பிடித்துவிட்டால் சாயங்காலம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஹீட்டர் பிளக் நாலும் மாற்றியாச்சு. டீசல் பம்பை இறக்கிக் காலிபரேஷன் போட வேண்டும், 12,000 ஆகும் என்கிறார்கள். யாருக்காவது இப்படி வந்ததா?

போடிமெட்டு ஏலக்காய்:

பம்பை இறக்காதீர்கள். ராத்திரியில் லைனுக்குள் காற்று ஏறி டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது போலத் தெரிகிறது. காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் டீசல் பில்டர் மேல் இருக்கும் கை பம்பை அது இறுகும் வரை அமுக்கிவிட்டு அடியுங்கள். உடனே பிடித்தால் காற்றுதான். டேங்கிலிருந்து பில்டர் வரைக்கும் ரப்பர் ஹோஸ், கிளிப், செம்பு வாஷர் எல்லாவற்றையும் புதுசாகப் போடுங்கள், 600 ரூபாய் தாண்டாது. டீசல் வெளியே சொட்டவில்லையே என்று பட்டறையில் கேட்பார்கள். அந்த இடத்தில் வண்டி டீசலை உறிஞ்சுகிறது, அதனால் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.