பழைய தோட்ட வரைபடத்தைப் பொருத்த உதவி தேவை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரி. பல்கலைக்கழகத்தில் புவியியல் இறுதியாண்டு மாணவி. பால்மரக்காடு (ரப்பர் தோட்டம்) செம்பனையாக (எண்ணெய்ப்பனை) மாறியதை ஆய்வேட்டுக்காக வரைபடமாக்குகிறேன். கையில் இருப்பது மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 அளவிலான பழைய தாள். அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்த, அன்றும் இன்றும் இடம் மாறாத புள்ளிகள் வேண்டும். மாரியம்மன் கோயிலை நம்பிப் பொருத்தினேன். பொருத்திய படத்தில் ஆறு மேட்டில் ஏறி ஓடுகிறது! லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) உடைத்தபோது கோயிலையும் சாலையோரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பாட்டி பிறகுதான் சொன்னார். (முன்பே கேட்டிருக்கலாம்.) பழைய பாலம், ரயில் கடவை, ஸ்டோர், ஆயக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை) எங்கே இருந்தன என்று தெரிந்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருக்கிறார்களா? நான்கைந்து இடங்களை விரல் வைத்துக் காட்டினாலே போதும். சனிக்கிழமை தாளோடு நேரில் வருகிறேன்.