ஐந்தரை இலட்சத்தில் வீடு முடியுமா, முடியாதா?

கொட்டியாரன்:
"போரில் வீடிழந்தவர்களுக்கு இந்தியா பண உதவி செய்த இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் வாங்கியும் வீட்டை முடிக்காதவர்கள், ஆசைக்கு அளவு தெரியாமல் பெரிதாக அத்திவாரம் வெட்டியவர்களே" என்று உவர்மலையான் ஐயா நேற்று எழுதியதை வாசித்த பின் பேசாமல் இருக்க முடியவில்லை. திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கம் பூச்சில்லாத சுவர்களோடும் கதவு மாட்டாத நிலைகளோடும் நிற்கும் வீடுகளை அவர் எப்போதாவது வந்து பார்த்தாரா?

உவர்மலையான்:
பார்க்காமல் எழுதும் பழக்கம் எனக்கில்லை. திட்டம் கேட்டது 550 சதுர அடி, கொடுத்தது 550,000 ரூபாய். சதுர அடிக்கு 1,000 ரூபாய் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. 2012 ஜனவரியில் உடன்படிக்கை கைச்சாத்தானபோது அத்தொகை போதுமானதே. அதற்கு மேல் விறாந்தையும் வளைவும் வைத்தவர்களின் கடனுக்கு அரசாங்கம் எவ்வாறு பொறுப்பாகும்?

மேசன் மகன்:
அந்த 1,000 ரூபாய்க்குள் கூலி எங்கே இருக்கிறது என்பதை ஐயா சொல்லட்டும். பயனாளியே கட்டிக்கொள்ளும் திட்டம் என்பதால் குடும்பத்தினரின் உடலுழைப்பையும் சேர்த்தே கணக்குப் போட்டார்கள். கணவனைப் போரில் இழந்து, சிறு பிள்ளைகளோடு இருந்த பெண்கள் மேசனுக்கும் கையாளுக்கும் நாட்கூலி கொடுத்தே கட்டினார்கள். ஒரு கட்டம் முடிந்து, அலுவலர் வந்து பார்த்த பின்பே அடுத்த தவணை வங்கிக்கு வரும் என்பதால், இடையில் காதிலும் கழுத்திலும் கிடந்தவை அடகுக்குப் போயின.

உவர்மலையான்:
கண்ணீர்க் கதை வேண்டாம், தம்பி. சதுர அடிக்கு 1,000 ரூபாய் போதுமா, போதாதா என்பதே கேள்வி.

கொட்டியாரன்:
2012ஆம் ஆண்டு விலையை வைத்து எல்லோரையும் அளக்கிறீர்களே, அப்போது சம்பூர் மக்கள் எங்கே இருந்தார்கள்? கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் இருந்தார்கள். அவர்களின் காணிகளை முதலீட்டு வலயமாக்கிய, 818 ஏக்கருக்கான வர்த்தமானி அறிவித்தல் 2015 மே மாதத்தில்தான் இரத்தானது. அதன் பின்பு ஊர் திரும்பியவர்கள் 2012 விலையில் எப்படிக் கட்டுவது?

உவர்மலையான்:
நான் இந்தியத் திட்டத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் சம்பூருக்குத் தாவுகிறீர்கள். பதில் இல்லாதவர் வழக்கமாகச் செய்வதுதான் இது.

நிலாவெளி ஆசிரியை:
"போதும்" என்ற பேச்சை நாங்கள் முன்னரும் கேட்டிருக்கிறோம். ஆழிப்பேரலைக்குப் பின் முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாய் தந்து, அதுவும் போதும் என்றார்கள். தெற்கில் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றவர்கள், கிழக்கில் 200 மீற்றர் என்றார்கள். கடலுக்கு மாகாணம் தெரியுமா, ஐயா?

உவர்மலையான்:
ஆசிரியை அம்மாவுக்குக் கடல் மீது கோபம், எனக்கோ கணக்கின் மீது அக்கறை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கொட்டியாரன்:
கணக்கின் மீது அக்கறையுள்ளவர் 2016இல் என்ன எழுதினார் என்பதை நான் மறக்கவில்லை. வடக்குக் கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள், ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் என்று திட்டம் வந்தபோது, "நியாயமான விலை" என்று வரிந்து கட்டியவர் நீங்களே. ஏழை தானே கல் அரிந்து கட்டினால் ஐந்தரை இலட்சம் தாராளம், கம்பனி தகட்டைக் கொண்டுவந்து பூட்டினால் 21 இலட்சம் நியாயம்! நல்ல நீதி.

உவர்மலையான்:
அன்று எதிர்த்துக் கையெழுத்துச் சேகரித்தவர்களே இந்த மக்களின் வாயிலிருந்த சோற்றைத் தட்டிவிட்டவர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மேசன் மகன்:
அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்பதாலேயே எதிர்த்தோம். அப்படியானால் ஒரு வீட்டுக்குப் பத்தரை இலட்சம் என்று வருகிறது. உங்கள் ஐந்தரை இலட்சம் அதில் ஏறத்தாழப் பாதிதான்.

உவர்மலையான்:
2016ஆம் ஆண்டு விலையை 2012க்குக் கொண்டுவருகிறார் தம்பி. சற்று முன் அதே குற்றத்தை என் மீது சுமத்தியது உங்கள் அணிதானே?

நிலாவெளி ஆசிரியை:
2019 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அரசாங்கத்தின் மாதிரிக் கிராம வீடுகளுக்குத் தவணை நின்றுபோனதையும், 2022இல் சீமெந்துப் பை மூவாயிரத்தை எட்டியதையும் ஐயா எந்த ஆண்டின் கணக்கில் சேர்ப்பார்? சீமெந்து ஆலை நமது சீனக்குடாவிலேயே இருக்கிறது, ஆனாலும் பையின் விலை நமக்கென்று குறையவில்லை.

உவர்மலையான்:
மீண்டும் சொல்கிறேன், சதுர அடிக்கு 1,000 ரூபாய் போதும். மறுப்பவர் பற்றுச்சீட்டுகளோடு வரட்டும்.

மேசன் மகன்:
மணல் ஏற்றிவரும் உழவு இயந்திரக்காரர் எந்த ஊரில் பற்றுச்சீட்டுத் தந்தார் என்று சொல்லுங்கள், நாளைக்கே வாங்கி வருகிறேன்.

உவர்மலையான்:
ஆகவே உங்களிடம் கணக்கு இல்லை. நான் சொன்னதும் அதைத்தான்.