சப்ஜெக்ட் எங்கே முடியுது?

தக்கலை வாசகர்: ‘தி போட்ஸ் நியர் தி ஹார்பர் ஆர் ஓல்ட்’. இதில் ஏழாம் வகுப்புப் பையன் ‘ஹார்பர்’தான் சப்ஜெக்ட், அதாவது எழுவாய்ங்கிறான். எப்படிப் புரியவைக்க?

நாகர்கோவில் டியூஷன்: முதல்ல வினையைப் பிடிக்கச் சொல்லுங்க: ‘ஆர்’. பிறகு ‘பழசா இருப்பது எது?’ன்னு கேளுங்க. படகுகள்தானே! ஹார்பர்னா ‘இஸ்’ வந்திருக்கும். ‘நியர்’, ‘ஆஃப்’, ‘இன்’ தொடரைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டா குழப்பம் தீரும். ஆனா முழு சப்ஜெக்ட் எழுதும்போது அதையும் சேர்க்கணும். சப்ஜெக்டைப் பத்திச் சொல்ற ‘ஆர் ஓல்ட்’ மட்டும் பிரெடிகேட்.

குளச்சல்காரன்: பிரெடிகேட்டைப் ‘பயனிலை’ன்னு சொல்லிக் கொடுக்கிறதும் வம்புதான். ‘அவன் மீன் வாங்கினான்’: தமிழில் ‘வாங்கினான்’ மட்டும் பயனிலை, மீன் தனியா செயப்படுபொருள். ஆங்கிலத்தில் ‘பாட் ஃபிஷ்’ முழுக்கப் பிரெடிகேட்.

தக்கலை வாசகர்: ‘கம் ஹியர்’ல சப்ஜெக்ட் எங்கே?

நாகர்கோவில் டியூஷன்: ‘யூ’ மறைஞ்சிருக்கு, நம்ம ‘வா’வில் ‘நீ’ மாதிரி.