கள்ள நோட்டு கையில் சிக்கினால் எந்தப் பிரிவு பாயும்?

கல்லாப்பெட்டி:
வசூல் பணத்தில் 500 ரூபாய் கள்ள நோட்டு கலந்து வந்துவிட்டால், அதை வைத்திருப்பதே குற்றமா? பேங்கில் கட்டப் போனால் கேஸ் ஆகுமா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐ.பி.சி.) 489 பிரிவுகள் இப்போது எந்த எண்ணில் இருக்கின்றன?

வாய்தா:
1.7.2024 முதல் நடக்கும் குற்றங்களுக்கு, ஐ.பி.சி.-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான். அதில் பிரிவு 178 கள்ள நோட்டு அடிப்பது, 179 தெரிந்தே வாங்குவது, விற்பது, மாற்றுவது, 181 அதற்கான கருவியோ பொருளோ வைத்திருப்பது. மூன்றுக்கும் ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நோட்டை வைத்திருப்பது 180. 7 ஆண்டு வரை.

ஆனால் கையில் இருந்தது என்பது மட்டும் போதாது. கள்ள நோட்டு என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருக்க வேண்டும். நல்ல நோட்டாகப் புழங்கவிடும் எண்ணமும் வேண்டும். பழைய 489பி (இப்போது 179), 489சி (இப்போது 180) பற்றி 2001-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. முறையான வழியில் வந்த நோட்டு என்று நிரூபித்தால் குற்றமில்லை என்று 180-ன் விளக்கமே சொல்கிறது. அதனால் பில், கேஷ் புக் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

பலர் மாட்டுவது இதற்குப் பிறகுதான். கள்ள நோட்டு என்று தெரிந்ததும், நஷ்டம் நமக்கு வேண்டாம் என்று அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். அந்த நிமிடமே 179 வந்துவிடும். 180-ல் ஜாமீன் உரிமை, 179-ல் கோர்ட் மனது வைக்க வேண்டும். 500 ரூபாய்க்காக அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கேஷ்கவுண்டர்:
பேங்க் அந்த நோட்டில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்யும். திருப்பித் தராது, கணக்கிலும் வரவு வைக்காது. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் 4 நோட்டு வரை என்றால் மாதாந்திர அறிக்கையோடு போலீசுக்குப் போகும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிவாகும்.

கல்லாப்பெட்டி:
நல்ல நோட்டையே வெட்டி ஒட்டினால்?

கேஷ்கவுண்டர்:
வெவ்வேறு நோட்டின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியதற்குப் பணம் கிடைக்காது. வேண்டுமென்றே வெட்டியது என்று தெரிந்தாலும் அப்படித்தான்.

வாய்தா:
நாணயத்தில் கை வைத்தாலும் தப்ப முடியாது. எடையைக் குறைப்பது, உலோகக் கலவையை மாற்றுவது, ஏமாற்றும் நோக்கத்தோடு வேறு நாணயம்போலத் தோன்றச் செய்வது எல்லாமே 178-ன் விளக்கத்தில் கள்ள நாணயம்தான்.

விளம்பரத்துக்காக நோட்டைப் போலவே அச்சடிப்பது 182. 300 ரூபாய் வரை அபராதம். அச்சடித்தவர் பெயரை, போலீஸ் கேட்டும் தக்க காரணமின்றிச் சொல்லாவிட்டால் 600 வரை.