செல்ஃபி சரிபார்ப்பில் என் முகம் பொருந்தவில்லையாம், கணக்கை முடக்கிவிட்டார்கள்

கேள்வி – ராத்திரி ஷிஃப்ட்
உணவு டெலிவரி செய்கிறேன். ஆப் நினைத்த நேரத்தில் செல்ஃபி கேட்கும். நான் நல்ல கறுப்பு. பகலில் எந்தச் சிக்கலும் இல்லை. இருட்டிவிட்டால், ஹெல்மெட்டைக் கழற்றித் தெருவிளக்குக்கு அடியில் நின்று எடுத்தாலும் 'முகம் பொருந்தவில்லை' என்றுதான் வருகிறது. கூட ஓட்டும் வெள்ளைக்கார நண்பருக்கு அதே இடத்தில் உடனே முடிந்துவிடுகிறது. போன வாரம், என் கணக்கை வேறு ஆள் ஓட்டுவதாகச் சொல்லி முடக்கிவிட்டார்கள். கணக்கை வாடகைக்கு விடுபவர்களைப் பிடிக்க இந்தச் சோதனை வேண்டும்தான். அதற்காக என்னைத் திருடனாக்குவதா? நிறப் பாகுபாடு என்று புகார் கொடுக்கலாமா?

பதில் – கணினிக்காரன்
இது வெளிச்சப் பிரச்சினைதான். மென்பொருளுக்கு நிறவெறி கிடையாது. போன் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள்.

பதில் – நிலா
அதே வெளிச்சத்தில் நண்பருக்கு வேலை செய்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுப்புப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. முகத்தை ஒப்பிடுவது வேறு வேலை, ஆனால் எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்கள் என்பது இரண்டுக்கும் முக்கியம்.

ராத்திரி ஷிஃப்ட், தாராளமாகக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் பா எட்ரிசா மன்ஜாங் என்ற ஊபர் ஈட்ஸ் டெலிவரிக்காரருக்கு 2021-இல் இதேதான் நடந்தது. தொழிற்சங்கமும் அங்குள்ள சமத்துவ ஆணையமும் துணை நின்றன. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் 2024 மார்ச்சில் பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் சட்டப்படி, எல்லோருக்கும் பொதுவான விதி ஒரு இனத்தவரை மட்டும் அதிகம் பாதித்தால், தக்க நியாயம் காட்டாதவரை அது மறைமுகப் பாகுபாடு. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

பதில் – ராத்திரி ஷிஃப்ட்
நன்றி. ஆப்பின் உதவி சாட்டில் ஒரே பதிலைத்தான் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் என்ன செய்வது?

பதில் – நிலா
சாட் செய்வதை விடுங்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றும், நிராகரித்த படங்களின் நகல் வேண்டும் என்றும் கேளுங்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமைகளைத் தருகிறது. அந்தப் படங்களில் உங்கள் முகம் தெளிவாகத் தெரிந்தால் அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். பதிலுக்குக் காத்திருக்காமல் சங்கத்தில் இன்றே பேசுங்கள், வழக்குப் போடுவதற்கான கெடு ரொம்பக் குறைவு.