ரோஹன் புல்வெளியில் கேட்ட வயலின்

நான் கர்நாடக வயலின் கற்றுத் தருபவள். மேற்கத்திய சேர்ந்திசையை அதிகம் கேட்டதில்லை. "மிஸ், கதை தெரியலைன்னாலும் பரவாயில்லை, இதைக் கேளுங்க" என்று மாணவி ஒருத்தி அனுப்பி வைத்தது, ஹோவர்ட் ஷோரின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' சிம்பொனி. அந்தக் கற்பனை உலகக் கதையின் மூன்று படங்களுக்கு அவர் எழுதிய இசையை ஆறு பகுதிகளாகத் தொகுத்தது. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகர இசைக்குழு வாசித்த பதிவு 2011இல் வந்தது.

அப்போது நான் படங்களைப் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் ஊர் மாறுவது காதுக்குத் தெரிந்தது. ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் வாழும் ஷைர் வந்தால் சின்னக் குழலும் நாட்டுப்புற ஃபிடிலும். தீய மந்திரவாதியின் கோட்டையான ஐசன்கார்டு வந்தால் இரும்புச் சத்தம். அந்தப் பகுதியின் தாளம் ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. நமக்குக் கண்ட சாப்பு என்றாலே ஒரு துள்ளல்தான். அதே ஐந்து இங்கே தொழிற்சாலை இயந்திரம் போலப் பயமுறுத்துகிறது. கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டேன், நிறுத்த மனம் வரவில்லை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது ரோஹன்தான், குதிரை வீரர்களின் புல்வெளி நாடு. அங்கே ஒலிப்பது சாதாரண வயலின் இல்லை என்று முதல் வில்லிலேயே புரிந்துவிட்டது. ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் மெல்லிய இன்னொரு நாதம் ஒட்டிக்கொண்டே வந்தது. அப்புறம் தேடிப் படித்தேன். அது நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடில். மேலே நான்கு தந்திகள். அவற்றுக்கு அடியில் நான்கோ ஐந்தோ தந்திகள் வில் படாமலே கூட அதிரும், சிதாரில் இருக்கும் தரப் தந்திகளின் வேலைதான். காற்று வீசும் வெட்டவெளிக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

அதிலிருந்து ஷோர் எந்த இடத்துக்கு எதை எடுத்தார் என்று பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. படங்களின் முழு இசைப் பதிவையும் வாங்கினேன். எல்ஃப்கள் வாழும் லோத்லோரியன் காட்டில் நம் சாரங்கி இருக்கிறது! இருள் நாடான மோர்டோருக்கு வட ஆப்பிரிக்காவின் ரைத்தா. நாதஸ்வரம் மாதிரியே சீவாளி வைத்து ஊதும் குழல். நமக்கு மங்கலமான நாதம் அங்கே அச்சமூட்டுகிறது. காதைப் பழக்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

ரோஹன் மெட்டை என் வயலினில் வாசித்துப் பார்த்தேன். சுரங்கள் சுலபம். கமகம் சேர்க்கக் கூடாது, அதுதான் கஷ்டம். விரல் தானாகவே அசைக்கப் பார்க்கிறது. வில்லை நீளமாக, நேராக இழுத்தால் மெட்டு வருகிறது. அடித்தந்திகளின் அந்தக் கூட்டு நாதம் மட்டும் நான்கு தந்தியில் வராது.

படத்தைத் திரையிட்டு, இசைக்குழு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் நடக்கின்றன. அப்படி நேரில் கேட்டவர்கள் இங்கே இருந்தால் ஒன்று சொல்லுங்கள். மோரியா சுரங்கத்தில் ஆண்கள் அடிக்குரலில் பாடும் பகுதியை நியூசிலாந்தின் வெலிங்டன் டவுன் ஹாலில் பதிவு செய்திருக்கிறார்கள். ஹெட்போனிலேயே நெஞ்சு அதிர்கிறது. அரங்கில் அது எப்படி இருந்தது?