புதுப்பிப்பு: பேலட்டில் ஸ்ட்ராப் தளர்ந்த விஷயம்

கரூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் துண்டு, படுக்கை விரிப்புப் பெட்டிகளின் பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) கட்டும் பிபி ஸ்ட்ராப் (பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் பட்டை) வழியிலேயே தளர்ந்துவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது 16 மி.மீ. அகல பெட் (PET, பாலியெஸ்டர் வகைப் பிளாஸ்டிக்) ஸ்ட்ராப்புக்கு மாறிவிட்டோம்.

வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. லாரி குலுக்கலில் துணிப் பெட்டி கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். பிபி நாளாக நாளாக நீண்டு விறைப்பை இழந்துவிடும். பெட்டியும் அமுங்கினால் ஸ்ட்ராப்புக்கும் பெட்டிக்கும் நடுவே கையே நுழையும். பெட் விறைப்பை நெடுநாள் விடாது, பெட்டி அமுங்க அமுங்கத் தானும் சுருங்கி ஒட்டியே வரும்.

ஆனால் அந்த இறுக்கமே பெட்டியின் விளிம்பை நசுக்கும். மூலைக்கு அட்டை ஆங்கிள் (விளிம்பைக் காக்கும் எல் வடிவ அட்டை) வைத்தே ஆகவேண்டும், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சிலர் இரும்புப் பட்டை சொன்னீர்கள். கடல் ஈரத்தில் துருப்பிடித்து வெள்ளைத் துண்டில் கறை இறங்கினால் சரக்கே போச்சு. இரும்புச் சுருள், சூடான சரக்கு என்றால் அது சரி.

அப்புறம், தனிப் பெட்டிகளுக்குப் பிபியே போடுகிறோம். விலை குறைவு, வேலைக்கும் போதும்.